பாட்டுக் கேட்கப் போனது குற்றமா?



"பாட்டுக் கச்சேரிக்குப் பொம்பளைப் பிள்ளைங்க எதுக்குப் போகணும்? அதான் டி.வி.லயே போடறாங்களே, வீட்ல உட்கார்ந்து பார்த்தா ஆகாதா?"

பெரிய மைதானத்தில் இசை நிகழ்ச்சி என்று விளம்பரம் வந்தாலே போதும், நம் தெருக்களில் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் பெண்கள்தான் என்பதுதான் வேதனை!

இந்தப் பேச்சு பலமாகக் கிளம்பியது 2023-ல். அந்த ஆண்டு செப்டம்பர் 10-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சென்னையை அடுத்த பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி நடந்தது. ஆகஸ்டில் நடக்க இருந்து, மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி அது. பாண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் அதே சாலையில்தான் பனையூர்.

அன்று நடந்ததை எல்லோரும் பத்திரிகையில் படித்தோம். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளேயே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் அம்மா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. முதலமைச்சரின் வாகனமே அதில் சிக்கியது. கூட்டத்தைப் பயன்படுத்திச் சில ஆண்கள் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் பல பெண்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள். இடம் தாங்கும் அளவுக்கு மேல் டிக்கெட் விற்றதாகப் புகார் எழுந்து, போலீஸ் விசாரணையும் நடந்தது. ஏற்பாடு செய்த நிறுவனம் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டது. ரஹ்மானும் பழியைத் தன் மேல் ஏற்றுக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.

சரி, டிக்கெட் பணம் திரும்பலாம். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் பட்ட அவமானத்துக்கு எந்த நகலை அனுப்புவது?

"இதுக்குத்தான் போகாதேன்னு சொன்னேன்" என்று அன்று எத்தனை வீடுகளில் பேச்சு விழுந்திருக்கும்! தப்பு செய்தவன் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினான். கேள்வி கேட்கப்பட்டது பெண்ணிடம். இது என்ன நியாயம் தோழிகளே?

ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்கு நாம் போகவில்லையா? பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே கவர்னர் வந்து வடம் பிடிக்கும் தேர் அது. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் கூடும் கூட்டம் கொஞ்சமா? கைக்குழந்தையோடுகூடப் போகிறோம். அங்கே போவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. சாமிக்கு என்றால் கூட்டம் பரவாயில்லை, சந்தோஷத்துக்கு என்றால் மட்டும் தப்பா?

தேர்க் கூட்டத்தில் இடிமன்னர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம் அம்மா தலைமுறை, புடவை முந்தானையில் ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டுதான் திருவிழாவுக்குப் போனது. அந்த ஊக்கு எதற்கு என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆனால் எத்தனை காலத்துக்கு ஊக்கையே நம்பிக்கொண்டிருப்பது? அப்படிப்பட்டவனுக்குத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? ஆளோடு ஆள் ஒட்டி நிற்கும் நெரிசலிலிருந்துதான். கை யாருடையது என்று தெரியாது, திரும்பிப் பார்க்கவும் இடம் இருக்காது. ஆளுக்கு ஓர் இருக்கை, நடக்க வழி, மேலே நல்ல வெளிச்சம் இருந்தால் அவன் மூஞ்சி எல்லோருக்கும் தெரியும். ஆகவே அளவுக்கு மேல் ஆளை உள்ளே விடுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ அந்த மாதிரி ஆளுக்கு மறைவிடம் கட்டிக் கொடுக்கிறார். இது என் உறுதியான கருத்து.

ஒரு கல்யாணம் நடத்திய எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். மண்டபம் பார்க்கப் போனால் முதலில் எதைப் பார்ப்போம்? மேடை அலங்காரத்தையா? இல்லையே! தண்ணீர் வருகிறதா, கழிப்பறை எத்தனை, கைகழுவ இடம் இருக்கிறதா, பந்தியில் ஒரே நேரத்தில் எத்தனை இலை போடலாம், இதைத்தானே? 200 இலைதான் போடலாம் என்றால், 600 பேரையும் ஒரே பந்தியில் நெருக்கி உட்கார வைப்போமா? மூன்று பந்தி நடத்துவோம். சாதாரணக் குடும்பத்துக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, கோடிக்கணக்கில் பணம் புரளும் நிகழ்ச்சி நடத்துபவர்களுக்குத் தெரியாதா? தெரியும். கூடுதலாக விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டும் லாபம் என்கிற கணக்கு அதைவிட நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. 1979 டிசம்பர் 3-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 'தி ஹூ' என்ற குழுவின் நிகழ்ச்சிக்கு, முந்தி வருபவருக்கு முன்னிடம் என்று டிக்கெட் விற்றார்கள். கதவு திறக்கும் முன்பே முண்டியடித்ததில் 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த நகரம் இப்படி எண் இல்லாமல் டிக்கெட் விற்பதற்கே பல ஆண்டுகள் தடை போட்டது. 2023 நவம்பர் 17-ல் பிரேசிலின் ரியோ நகரில் டெய்லர் ஸ்விஃப்ட் நிகழ்ச்சி. கொளுத்தும் வெயில், வெளியிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவர அனுமதி இல்லை என்று ரசிகர்கள் குமுறினார்கள். 23 வயதுப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்து உயிரை விட்டாள். அதன் பிறகுதான் அரசு தலையிட்டு, தண்ணீர் கொண்டுவர அனுமதிக்க வேண்டும், உள்ளே இலவசமாகவும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதே நவம்பர் 25-ல் பக்கத்து மாநிலமான கேரளத்தில், கொச்சிப் பல்கலைக்கழக இசை நிகழ்ச்சியில் படிக்கட்டு நெரிசலில் 4 பேர் போனார்கள். 2025 ஜூன் 4-ல் பெங்களூர் கிரிக்கெட் மைதான வாசலில் 11 பேர். எங்கும் ஓர் உயிர் போன பிறகே விதி வருகிறது. போகும் முன்பே வந்தால் ஆகாதா?

"அதான் சொல்றேன், டி.வி.ல பாரு" என்பீர்கள். 2025 ஜனவரியில் அகமதாபாத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடிய கோல்ட்பிளே நிகழ்ச்சியை நம் வீட்டிலிருந்தே நேரடியாகப் பார்க்க முடிந்தது உண்மைதான். ஆனால் அடுப்படியில் வேலை செய்துகொண்டே முப்பது நாற்பது வருஷம் இளையராஜாவையும் ஜானகியம்மாவையும் ரேடியோவில் கேட்டே காலம் தள்ளிய பெண்கள் எத்தனை பேர்! ஒரே ஒரு நாள், அந்தப் பாட்டைப் போட்டவரை நேரில் பார்த்து, பத்தாயிரம் பேரோடு சேர்ந்து வாய்விட்டுப் பாட வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை இருக்கக்கூடாதா? 'நீ வீட்டில் இரு' என்பது பாதுகாப்பு ஆகாது. அது தண்டனை, அதுவும் தப்பு செய்யாதவருக்கு.

நம் புதுவைக்கு இது புதிதும் இல்லை. 1982-ல் பிரான்சில் தொடங்கிய ஜூன் 21 இசைத் திருநாளை, இங்கே அலியான்ஸ் பிரான்சேஸ் கொண்டாடி வருகிறது. மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டி ஓடாது. குழந்தையும் பாட்டியும் நிம்மதியாக நடக்கிறார்கள். காற்றோட்டமும் வெளிச்சமும் போக வர வழியும் இருந்தால் பெண்கள் தானாக வருவார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே நம் ஊரில் எந்தப் பெரிய நிகழ்ச்சிக்கு அனுமதி கொடுத்தாலும், அதிகாரிகள் சிலவற்றைக் கட்டாயமாக்க வேண்டும். எத்தனை பேருக்கு அனுமதி என்பதை டிக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். இருக்கைக்கு எண் வேண்டும். பெண்களுக்குப் போதுமான கழிப்பறை, இலவசக் குடிநீர், காணாமல் போன குழந்தைகளை ஒப்படைக்க ஓர் இடம், புகார் சொன்னதும் உடனே வரும் பெண் காவலர்கள், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை விளக்கு, நிகழ்ச்சி முடிந்ததும் ஊர் திரும்ப பஸ் - இவை இல்லாமல் அனுமதி கூடாது.

நாமும் ஒன்று செய்யலாம். டிக்கெட் வாங்கும்போது, 'யார் பாடறாங்க?' என்று கேட்பதோடு, 'கழிப்பறை எத்தனை, வெளியே வர வழி எத்தனை?' என்றும் கேட்போம். பதில் சொல்லத் தெரியாதவருக்கு நம் காசு கிடையாது! அடுத்த முறை பக்கத்து வீட்டுப் பெண் கச்சேரிக்குக் கிளம்பினால், 'எதுக்குப் போறே?' என்று கேட்காமல், 'பத்திரமா போய் நல்லா கேட்டுட்டு வாம்மா' என்று வழியனுப்புவோமே.

- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.