கேளாச் செவியும் புகையிரதக் கடவையும்

மட்டக்களப்பு நாட்டுக்கு உலகிற் பெயர் வாங்கித் தந்தது ஓர் ஓசை. பூரணை இரவிலே கல்லடிப் பாலத்தருகில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் இட்டு, மறு முனையைக் காதிற் பொருத்தி, வாவியின் அடியிலிருந்து எழும் மெல்லிசையைக் கேட்கும் வழக்கம் எமது முன்னோரிடம் இருந்தது. அவ்வோசை மீனின் பாடலா, ஊரியின் ஒலியா என்று அறிஞர் வாதிடலாம். அதைக் கேட்பதற்கு ஒரு நிபந்தனை உண்டென்பதில் மட்டும் வாதமில்லை. தோணியில் இருப்போர் பேச்சை நிறுத்த வேண்டும். காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். காரைதீவிலே பிறந்து, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி, அம்மண்ணிலேயே துயில் கொள்ளும் விபுலாநந்த அடிகள், பண்டைத் தமிழரின் யாழை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்தார். கூர்ந்து கேட்கும் செவியின்றி அத்தகைய ஆராய்ச்சி பிறந்திராது. வள்ளுவரும் கல்விக்கு அடுத்துக் கல்லாமையைப் பேசியபின் 'கேள்வி' என ஓர் அதிகாரத்தையே வகுத்தார். கேட்பது கற்பதன் பாதி என்பது எமது மரபு.

அந்த மண்ணிலே இன்று காண்பது என்ன? மாலை வேளையில் ஏறாவூரிலோ வந்தாறுமூலையிலோ ஒரு புகையிரதக் கடவையின் அருகே அரைமணி நேரம் நின்று பாருங்கள். புத்தகப் பையைத் தோளில் மாட்டிய மாணவன் ஒருவன் வருகிறான். இரு காதுகளிலும் இயர்போன் என்னும் செவிக்கருவி, கண்கள் கைத்தொலைபேசியில். வலப்புறமும் பாரான், இடப்புறமும் பாரான். தண்டவாளத்தை ஒரு வாய்க்கால் வரம்பைத் தாண்டுவது போலத் தாண்டிச் செல்கிறான். அவனுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் தலைக்கவசத்துக்குள்ளும் ஒரு பாட்டு ஒலிக்கிறது. மூடும் தடையின் கீழே குனிந்து துவிச்சக்கர வண்டியை இழுத்துச் செல்பவர் முதியவர். அவருக்குச் செவிக்கருவியும் இல்லை, அவசர வேலையும் இல்லை. பழக்கம் மட்டுமே உண்டு. இவர்கள் தீயவர் அல்லர். எமது பிள்ளைகள், எமது அயலவர். ஆகவேதான் இதனை எழுத வேண்டியதாயிற்று.

எமது பகுதிக்கு இருப்புப்பாதை வந்தது 1928இல். மாகோவிலிருந்து பிரிந்து, கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதையை விட்டு விலகி, பொலன்னறுவை, வெலிகந்தை, புணானை, வாழைச்சேனை, கல்குடா வழியாக அது மட்டக்களப்பை அடைகிறது. ஊருக்கும் வயலுக்கும் நடுவே அது ஓடுவதால், பள்ளிக்கும் சந்தைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் செல்வோர் ஒரு நாளில் பலமுறை அதைக் கடக்க நேர்கிறது. போர்க்காலத்திலே இப்பாதையிற் சேவை தடைப்பட்டு நின்ற ஆண்டுகள் உண்டு. வண்டி ஓடாத தண்டவாளத்துக்கு எவரும் அஞ்ச வேண்டிய தேவை இருக்கவில்லை. வண்டிகள் திரும்பி வந்தபோது நாம் மகிழ்ந்தோம். 'உதயதேவி' என்றும் 'புலதிசி' என்றும் அவற்றை உறவினர் பெயர்போல அழைத்தோம். ஆயின், அவற்றுக்கு வழிவிடும் பழக்கம் மட்டும் முழுமையாகத் திரும்பி வரவில்லை.

"சாரதி கண்டால் நிறுத்துவார்தானே" என்பது பலரது நினைப்பு. இந்நினைப்பைப் போன்ற ஆபத்தான அறியாமை வேறில்லை. உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தின்மேல் ஓடுவதால் உராய்வு மிகக் குறைவு. ஒரே எஞ்சின் பல பெட்டிகளை எளிதாக இழுப்பது அதனாலேதான். அதே காரணத்தால் நிறுத்துவது அரிதாகிறது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு செக்கனில் 22 மீற்றர் தூரத்தை விழுங்குகிறது. தடையை முழுமையாக அழுத்திய பின்னரும் அது பல நூறு மீற்றர் ஓடியே நிற்கும். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி, எமது மட்டக்களப்புப் பாதையில் ஓடும் புகையிரதம் ஒன்று கல்லோயாவுக்கு அண்மையில் யானைக் கூட்டத்தின்மீது மோதி, ஆறு யானைகள் மாண்டதை நாடே கண்டு கலங்கியது. மலைபோன்ற யானைக் கூட்டத்துக்காக நிற்க இயலாத வண்டி, மெலிந்த ஒரு மாணவனுக்காக எங்ஙனம் நிற்கும்?

"கண் இருக்கிறதே, பார்த்துக் கடப்போம்" என்பார் சிலர். கண்ணும் இங்கே முழுச் சாட்சியன்று. பெரிய பொருள் விரைந்து வரும்போதும் மெல்ல வருவதாகவே நமக்குத் தோன்றும் என்பதை, கடவை விபத்துக்களின் ஒரு காரணமாக அமெரிக்க உளவியலறிஞர் ஹெர்ஷல் லீபோவிட்ஸ் 1985இல் எடுத்துக்காட்டினார். தொலைவில் நம்மை நோக்கி நேராக வரும் வண்டி ஒரு புள்ளியாக நின்றிருப்பது போலவே தெரிகிறது. அது பெரிதாவதை உணரும்போது நேரம் கடந்துவிடுகிறது. அன்றியும், கண் ஒரு திசையை மட்டுமே பார்க்கும். பின்னால் வருவதையும், வளைவுக்கு அப்பால் வருவதையும், பற்றைக்குள் மறைந்து வருவதையும் முதலில் அறிவிப்பது காதுதான்.

இயற்கை நமக்கு இரண்டு காதுகளைத் தந்ததன் பயன் இங்கே விளங்கும். ஓர் ஓசை ஒரு காதை அடைவதற்கும் மறு காதை அடைவதற்கும் இடையேயுள்ள நுண்ணிய கால வேறுபாட்டைக் கொண்டு, அது வரும் திசையை மூளை கணித்துவிடுகிறது. இரண்டு காதுகளையும் அடைத்துக்கொண்டவனுக்கு இக்கணக்கு இல்லாமற் போகிறது. அண்மைக்காலக் கருவிகளில் இன்னொரு நுட்பமும் வந்துள்ளது. வெளியிலிருந்து வரும் ஓசைக்கு நேர்மாறான அலையை உண்டாக்கி அதனை அழித்துவிடும் நுட்பம் அது. தாழ்ந்த சுரத்தில் இடைவிடாது ஒலிக்கும் உறுமலை அழிப்பதிலேதான் அது மிகவும் வல்லது. டீசல் எஞ்சினின் உறுமல் அத்தகையதே. பேரூந்திலோ விமானத்திலோ அமர்ந்திருப்பவனுக்கு ஆறுதலாக அமைந்த அதே நுட்பம், தண்டவாளத்தில் நிற்பவனுக்கு எமனின் காலடியோசையை மறைக்கும் திரையாகிறது.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவில் 2004 முதல் 2011 வரை செவிக்கருவி அணிந்த பாதசாரிகள் வாகனங்களில் அடிபட்ட 116 சம்பவங்களைச் செய்திகளிலிருந்து திரட்டி, மேரிலாந்துப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அடிபட்டோரில் நூற்றுக்கு எழுபது பேர் உயிரிழந்தனர். பெரும்பான்மையோர் முப்பது வயதுக்கு உட்பட்டோர். பாதிக்கு மேற்பட்ட சம்பவங்களில் மோதியது புகையிரதம். பத்தில் மூன்று சம்பவங்களில், மோதுமுன் எச்சரிக்கை ஒலி எழுப்பப்பட்டதாகச் செய்திகளே கூறின. ஊதல் ஒலித்தது, ஆயின் உரியவர் செவியை எட்டவில்லை.

இந்தியாவிலே உத்தரப் பிரதேச மாநிலத்தின் குசிநகர் மாவட்டத்தில், 2018 ஏப்ரல் 26ஆந் திகதி காலை, பாடசாலை வாகனம் ஒன்று காவலற்ற கடவையில் புகையிரதத்துடன் மோதி 13 குழந்தைகள் மாண்டனர். சாரதி செவிக்கருவி அணிந்திருந்தார் என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. பாட்டுக் கேட்டவர் ஒருவர்; விலை கொடுத்தவர் பதின்மூவர். செவியை அடைப்பது தன் சொந்த விருப்பம் என்று வாதிடுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். தனியே நடப்பவனும் தனியே மாள்வதில்லை. கண்ணெதிரே ஓர் உயிரைக் கண்டு, ஊதலை இழுத்து, தடையை அழுத்தி, அதன்பின் செய்வதற்கு ஒன்றுமின்றிக் காத்திருக்கும் புகையிரதச் சாரதியும் ஒரு மனிதரே. குற்றமற்ற அவர் அக்காட்சியை ஆயுள் முழுதும் சுமக்கிறார்.

இவ்வளவும் கூறியபின், பழி முழுவதையும் இளைஞர் தலையிற் சுமத்திவிட்டு நாம் கைகழுவுவது நியாயமாகாது. 2005 ஏப்ரல் 27ஆந் திகதி பொல்காவலைக்கு அண்மையில் யாங்கல்மோதரக் கடவையில், புகையிரதத்தை முந்திக் கடக்க முயன்ற பேரூந்து நொறுங்கி 35க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே கொன்றது செவிக்கருவியன்று, அவசரம். 2025 யூலை 8ஆந் திகதி தமிழ்நாட்டின் கடலூருக்கு அண்மையிலுள்ள செம்மங்குப்பத்தில், பாடசாலை வாகனத்தின்மீது புகையிரதம் மோதி மூன்று மாணவர் உயிரிழந்தனர். அங்கே கடவைக் கதவு மூடப்படாதிருந்தது. மாணவர் செய்த பிழை ஒன்றுமில்லை. காக்க வேண்டிய இடத்திலே காவல் தவறியது.

எமது நாட்டிலோ காவலே இல்லாத கடவைகள் பல. வடக்கிலும் கிழக்கிலும் பல கடவைகளில் வெயிலிலும் மழையிலும் நின்று காவல் புரிந்தோர் பொலிஸ் திணைக்களத்தின்கீழ் நாட்கூலியாக அமர்த்தப்பட்டவர்கள். நாளொன்றுக்கு 250 ரூபாவே தமக்குக் கிடைப்பதாகவும், நிரந்தர நியமனம் வேண்டுமென்றும் அவர்கள் பல ஆண்டுகளாகக் குரல் எழுப்பிப் போராடினர். ஒரு வேளை உணவுக்கும் போதாத கூலியைக் கொடுத்து நூற்றுக்கணக்கான உயிர்களை ஒப்படைத்தோம். அவர்களின் குரலைக் கேளாதிருந்த செவிகளில் எந்தக் கருவியும் பொருத்தப்பட்டிருக்கவில்லை. கேளாமை என்னும் நோய் இளைஞரிடம் மட்டும் உள்ளதன்று. ஆட்சி பீடங்களிலும் அது உண்டு. குசிநகரின் துயரத்துக்குப் பின்னர், 2019 சனவரி முடிவதற்குள் தனது அகலப் பாதைகளிலிருந்த காவலற்ற கடவைகள் அனைத்தையும் இந்தியப் புகையிரதத் துறை ஒழித்துவிட்டது. பரந்த அந்நாட்டுக்கு இயன்றது, சிறிய எமது தீவுக்கு இயலாதென்று எவரும் கூற முடியாது.

ஆயின், அரசு கதவு போடும்வரை நாம் என் செய்வது? கடவையிலே மூன்று காவல் உண்டு. முதலாவது கதவு, இரண்டாவது காவலாளி, மூன்றாவது நமது சொந்தப் புலன்கள். முதலிரண்டும் உறுதியாக உள்ள நாட்டில் மூன்றாவது சற்றே அயர்ந்தாலும் ஒருவேளை உயிர் தப்பலாம். முதலிரண்டும் தளர்ந்த எமது ஊர்களிலே மூன்றாவதையும் நாமே அடைத்துவிடுவது, வேலியில்லாத வளவில் காவல் நாயையும் கட்டிவைப்பதை ஒக்கும். பிறர் கடமை தவறினார் என்பது நமது கடமையைக் குறைப்பதில்லை, அதனை இரட்டிப்பாக்குகிறது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். 'நில், பார், கேள்' என்னும் மூன்று சொற்களைக் கீழ்வகுப்பிலேயே பிள்ளைகளின் மனத்திற் பதிய வையுங்கள். மணிக்கு 80 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்ற கணக்கை, தமது ஊர்க் கடவையை வைத்தே அவர்கள் செய்து பார்க்கட்டும். ஒரு பாட்டின் பல்லவியைப் பாடி முடிக்கும் பத்துச் செக்கனில் வண்டி 220 மீற்றர் வந்துவிடும் என்பதை அவர்களே கண்டறிவார்களாயின், நூறு அறிவுரைகள் செய்யாத வேலையை அக்கணக்குச் செய்துவிடும். மாணவ நண்பர்களிடமும் நாம் பாட்டைத் துறக்கச் சொல்லவில்லை. இசைக்குப் பேர்போன நாட்டிலே அது தகாது. தண்டவாளம் கண்ணிற் பட்டதும் கருவியைக் காதிலிருந்து எடுங்கள், நின்று இருபுறமும் பாருங்கள், கேளுங்கள், பின்னர் கடவுங்கள். ஒரு வண்டி போனவுடன் ஓடிவிடாது, பின்னே இன்னொன்று வருகிறதா என்றும் பாருங்கள். இதற்குச் செலவாவது அரை நிமிடம்.

புகையிரதத் திணைக்களத்திடமும் மக்கள் பிரதிநிதிகளிடமும் நாம் கேட்பது தெளிவானது. வாழைச்சேனை முதல் மட்டக்களப்பு வரையுள்ள கடவைகள் ஒவ்வொன்றுக்கும் தடையும் ஒளிச் சமிக்ஞையும் வேண்டும். பார்வையை மறைக்கும் பற்றைகளைக் காலந்தோறும் வெட்ட வேண்டும். காவல் புரிவோருக்கு வாழத்தக்க ஊதியம் வேண்டும். இவற்றைச் சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறோம்.

வாவி இன்றும் பாடுகிறதோ என்று ஐயுறுவோர் உளர். நகரத்தின் இரைச்சல் மிகுந்துவிட்டதால் அது கேட்பதில்லை என்பர் சிலர். பாடல் ஒன்றைக் கேளாமற் போனால் ஓர் இன்பத்தை இழந்தோம் என்று ஆறலாம். ஊதல் ஒன்றைக் கேளாமற் போனால் ஆறுதற்கு ஒன்றுமில்லை. பிள்ளை வீடு திரும்பும் நேரத்தில் படலையைப் பார்த்தபடி நிற்கும் தாயின் காது, அவன் காலடியோசைக்காகத் திறந்தே இருக்கிறது. அந்தக் காலடி ஒலிக்க வேண்டுமானால், கடவையிலே அவன் காதும் திறந்திருக்க வேண்டும்.