தடை உத்தரவும் மக்களின் குரலும்

2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். தூத்துக்குடி பனிமய மாதா பேராலயப் பகுதியிலிருந்து மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தனர். 144 தடை உத்தரவு ஏற்கெனவே நடப்பில் இருந்தது. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலியாயினர். தொடர்ந்து தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையச் சேவை முடக்கப்பட்டது.

வதந்தியைத் தடுக்கவே முடக்கம் என்றது அரசு. ஆனால் காணாமற்போன பிள்ளையைத் தேடிய பெற்றோருக்கும் அதே தடைதான். ஒரு சிலரைச் சந்தேகித்து மூன்று மாவட்டங்களையே கட்டிப்போடுவது நீதியாகுமா?

போதிய காரணமின்றியே சுடப்பட்டதாக நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் கண்டது. அதன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. முன்னதாக, 2020 ஜனவரியில், நியாயமான கருத்துரிமையை நசுக்க 144ஐப் பயன்படுத்தலாகாது, இணைய முடக்க ஆணைகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் காஷ்மீர் வழக்கில் தீர்ப்பளித்தது.

2024 ஜூலை முதல் 144 என்பது புதிய சட்டத்தில் 163 ஆகிவிட்டது. எண் மாறியது, அதிகாரம் மாறவில்லை. ஆகவே, தடை வரும்போதெல்லாம் அஞ்சி ஒதுங்காமல், ஆணை எங்கே, காரணம் என்ன, எத்தனை நாள் என்று கேட்போம். அது நம் உரிமை; இறந்தவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனும்கூட.