நுரையைப் பிடித்தோம், காற்றை விட்டுவிட்டோம்

எங்க டீமோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முதல் ரிவ்யூவில் நல்ல பெயர் வாங்கியது. பேப்பர் மில்லில் கூழ்த் தொட்டிக்கு மேலே ஒரு கேமரா. நுரை ஏறினால் அது கண்டுபிடித்து டிஃபோமர் பம்பைத் தானாக ஓட விடும். கேமரா இருக்கு, ஏஐ இருக்கு, டெமோ வீடியோ இருக்கு. ரிவ்யூவுக்கு வேற என்ன வேணும்? ஆனா இப்போ வெளிப்படையா சொல்றேன், அந்த ப்ராஜெக்ட் தப்பு. வேலை செய்யாது என்பதால் இல்லை. நல்லாவே வேலை செய்யும், அதுதான் பிரச்சனை.

இதைப் புரிய வைத்தவர் ட்ரெய்னிங் போன மில்லில் இருந்த ஒரு ஆபரேட்டர் அண்ணன். நாங்க பெருமையா ஐடியாவை விளக்கினோம். கேட்டுட்டு சிரிச்சார். "தம்பி, மேல தெரியுறதுதான் நுரை. ஒரு மக் டிஃபோமர் ஊத்துனா அடங்கிரும். பேப்பர்ல ஓட்டை போடுறது உள்ள இருக்குற காத்து. அத உங்க கேமரா பாக்குமா?"

பார்க்காது.

வயருக்குப் போகும் கூழில் நார் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான், மீதியெல்லாம் தண்ணீர். அதற்குள் காற்று மூன்று விதமாக இருக்கிறது. பெரிய குமிழ்கள் மேலே வந்து நுரையாகிவிடும், கண்ணுக்குத் தெரியும். சின்னக் குமிழ்கள் நாரில் ஒட்டிக்கொண்டு கூடவே போகும். மூன்றாவது, தண்ணீரிலேயே கரைந்திருப்பது. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 18 மில்லி காற்று கரைந்து கிடக்கும். அழுத்தம் குறையும் இடத்தில், அதாவது வயருக்கு அடியில் தண்ணீரை உறிஞ்சும் இடத்திலேயே, அது திரும்பக் குமிழாகி வெளியே வரும்.

இந்தச் சின்னக் குமிழ்தான் வில்லன். 0.05 மி.மீ. குமிழ் ஒன்று வெறும் தண்ணீரில்கூட விநாடிக்கு ஒன்றரை மி.மீ. அளவுக்குத்தான் மேலே ஏறும் (ஸ்டோக்ஸ் விதியில் போட்டுப் பாருங்க, மூன்றாம் செமஸ்டரில் படித்ததுதான்). நார்களுக்கு நடுவில் மாட்டினால் அதுவும் இல்லை. அது தாளில் ஊசித்துளை போடும். வயரில் தண்ணீர் வடிவதைத் தடுக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அதனால் பம்பின் துடிப்பு கூடவே ஆடி, தாளின் எடை ஒரு இடத்தில் கூடி ஒரு இடத்தில் குறையும். ஃபுட் வால்வ் போய் 'ஏர் புடிச்ச' மோட்டார் தண்ணீரைத் தூக்காமல் உறுமுவதை நம்ம ஊர் வயல்வெளியில் பார்க்காதவர் யார்? அதே காற்றுதான், கொஞ்சம் நாகரிகமான வடிவத்தில்.

கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு இதில் இன்னொரு கோபமும் வரணும். இங்கிருந்து கரூர் காகிதபுரத்தில் இருக்கும் டிஎன்பிஎல் ரொம்ப தூரம். ஆனால் 1979-ல் தமிழக அரசு தொடங்கிய அந்த ஆலையின் அடிப்படை யோசனையே கரும்புச் சக்கையில் காகிதம் செய்வது. சர்க்கரை ஆலைகள் பாய்லரில் எரிக்கும் சக்கையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு எரிபொருள் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். அழகான கணக்கு. சக்கைக் கூழின் நார் மரக்கூழைவிடப் பொதுவாகக் குட்டை. கூடவே சோற்றுத் துகளும் நிறைய, அதை எவ்வளவு பிரித்தாலும் கொஞ்சம் மிஞ்சும். அதனால் தண்ணீர் மெதுவாகத்தான் வடியும். ஏற்கெனவே மெதுவாக வடியும் கூழில் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? அப்போ சக்கையில் காகிதம் செய்கிற நாம்தான் காற்றைப் பற்றி எல்லாரையும்விட அதிகமாகக் கவலைப்படணும்.

சர்க்கரை ஆலைக்காரர்கள் படுகிறார்கள்! நெல்லிக்குப்பமோ சேத்தியாத்தோப்போ, சீசனில் கரும்பு டிராக்டர் பின்னாடி மாட்டிக்கொண்டு காலேஜுக்கு லேட்டாகிறோமே, அந்தக் கரும்பின் கதையைக் கேளுங்க. சாற்றில் மிதக்கும் பொடிச் சக்கையில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் அது தொட்டியின் அடியில் படியாது. அதனால் சாற்றை 103, 104 டிகிரி வரை சூடாக்கி, தெளியவைக்கும் தொட்டிக்கு முன்னால் ஃபிளாஷ் டேங்க் என்ற ஒன்றுக்குள் விடுகிறார்கள். அழுத்தம் சட்டென்று குறைந்து சாறு கொதிக்கும், காற்று நீராவியோடு ஓடிவிடும். ஒரு சொட்டு கெமிக்கல் இல்லை.

காகிதத்தில் இதற்குச் சமமானது வேக்குவம் டீஏரேட்டர். 50 டிகிரி கூழை, அழுத்தம் காற்று மண்டலத்தில் எட்டில் ஒரு பங்காக இருக்கும் தொட்டிக்குள் பீய்ச்சினால், அங்கேயே தண்ணீர் கொதி நிலையைத் தொடும். குமிழும் போகும், கரைந்ததும் போகும். ஆனால் வேக்குவத்திலிருந்து கூழ் கீழே இறங்கி வரணும் என்றால் தொட்டியை ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்தில் வைக்கணும், ஏன்னா காற்று மண்டலம் தாங்கும் தண்ணீரின் உயரம் அவ்வளவு. கட்டடம், வேக்குவம் பம்ப், கரண்ட் பில். மெதுவாக ஓடும் சின்ன மில் முதலாளி இதைக் கேட்டால் நம்மை வாசலிலேயே நிறுத்திவிடுவார். அது நியாயம்தான். அவர் டிஃபோமர் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் டிஃபோமருக்கும் விலை உண்டு, டிரம்மில் ஒட்டியிருப்பது மட்டும் இல்லை. அளவு மீறினால் அதுவே தாளில் கறையாகப் படியும், தாள் மை ஊறாமல் இருக்கப் போடும் சைஸிங்கையும் கெடுக்கும். எங்க கேமரா என்ன செய்யும்? நுரை பார்த்த ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் ஊற்றும். காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்காது. காய்ச்சல் வந்த ஆளுக்கு மாத்திரையை மட்டும் தானாகக் கொடுக்கும் மெஷின் அது.

காற்று வரும் வழிகள் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. பேக் வாட்டர் குழாயின் வாய் தொட்டியில் தண்ணீருக்கு மேலே நிற்கும், தண்ணீர் அருவி மாதிரி விழும். அந்தக் குழாயை இரண்டடி நீட்டி முக்கிவிட்டாலே பாதிச் சண்டை முடியும். பம்பின் உறிஞ்சும் பக்கம் கிளாண்ட் தேய்ந்து காற்றை இழுக்கும். செஸ்ட்டில் லெவல் இறங்கி கிளறி பாதி வெளியே சுற்றும். நிரப்பியாகக் கால்சியம் கார்பனேட் போடும் மில்லில் பிஹெச் இறங்கினால் கார்பன் டை ஆக்சைடு கூழுக்குள்ளேயே உருவாகும், அதை எந்த வால்வும் தடுக்காது. இதெல்லாம் ஒரு ஃபிட்டரும் ஒரு பிஹெச் மீட்டரும் செய்கிற வேலை. ரிவ்யூ பிபிடியில் போட்டால் ஸ்லைடு காலியாகத் தெரியும். அதனால்தான் நாம் யாரும் போடுவதில்லை. இதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

முதலில் காற்றை அளக்கணும். அதற்கு பாயில் விதி போதும், பதினொன்றாம் வகுப்பு சமாச்சாரம். ஒரு லிட்டர் கூழை மூடிய சிலிண்டரில் எடுத்து, சாதாரண அழுத்தத்தைப் போல ஐந்து மடங்கு வரை அழுத்தினால் காற்று ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். கொள்ளளவு 8 மில்லி குறைந்தால் உள்ளே இருந்த காற்று 10 மில்லி, அதாவது ஒரு சதவீதம். குழாயை மாற்றுவதற்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை அளந்தால் யார் சொல்வது சரி என்று தெரிந்துவிடும். கரைந்திருப்பதை இது காட்டாது, குமிழை மட்டும்தான். பரவாயில்லை, தொடங்க அது போதும்.

டீமில் இரண்டு நாள் சண்டை. "மார்க் வந்த ப்ராஜெக்ட்டை எவனாவது மாத்துவானாடா?" கடைசியில் கேமரா அப்படியே இருக்கட்டும், அளக்கும் சிலிண்டரை முன்னாடி வைப்போம் என்று சமாதானம். கைடு ஒத்துக்கொண்டார், முகம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சிலிண்டர் ரெடி. மூன்று பாருக்கு மேலே போனால் மூடியில் லீக் ஆகுது. கடலூரிலோ சிதம்பரத்திலோ 110 மி.மீ. ஓ-ரிங் சில்லறையாகக் கிடைக்கும் கடை தெரிந்தவர்கள் மெக்கானிக்கல் பிளாக் பக்கம் வந்து சொல்லுங்க.