தோல் வேண்டும், தொட்டவன் வேண்டாமா?

கச்சேரி நடக்கிறது. மிருதங்கம் முழங்குகிறது. அவை தலையசைக்கிறது, "பலே" என்கிறது. அந்த நாதம் எங்கே பிறந்தது? பசுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் பதப்படுத்தி, பலாக்கட்டையிலே வாரிழுத்துக் கட்டி, கை காய்த்துப்போனானே ஒருவன், அவன் உழைப்பிலே பிறந்தது! அவனுக்கு அந்த மண்டபத்தில் ஒரு நாற்காலி உண்டா?

ஜலகண்டாபுரத்துத் தறிக்காரருக்கு இக்கேள்வியின் சூடு தெரியும். கல்யாண மண்டபத்திலே சேலை மின்னும். நெய்தவன் பெயரை எவர் கேட்பார்?

இசை உலகிலே இதைக் கேட்டவர் வெளியாள் அல்லர். அந்த அவையின் உள்ளிருந்தே வந்த வித்துவான், டி. எம். கிருஷ்ணா. மிருதங்கம் செய்வோரின் வரலாற்றைத் தேடி, 2020-இல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்ற நூலைத் தந்தார். பாலக்காடு மணி ஐயரை நாடறியும். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தை எத்தனை பேர் அறிவர்? தாழ்த்தப்பட்ட மக்களின் கைத்திறனை எழுதிய அந்நூலின் வெளியீட்டுக்கு இடம் தர இசைந்த கலாக்ஷேத்ரா, பிறகு கதவை மூடிக்கொண்டது. தோலுக்குத் திறந்த கதவு, தோல் தொட்டவன் கதைக்குத் திறக்கவில்லை!

"பாடகனுக்கு ஏன் இந்த வேலை? பாடிவிட்டுப் போகட்டுமே!" என்பார் சிலர். நாம் கேட்கிறோம்: நெஞ்சிலே ஒன்றும் நாவிலே ஒன்றுமாகப் பாடுவதா கலை? எண்ணியதைப் பாட உரிமையில்லாதவன் கலைஞனா, கிளிப்பிள்ளையா?

நமது நாமக்கல் சீமையின் எழுத்தாளர் பெருமாள்முருகன், எதிர்ப்பின் கொடுமை தாளாது, 2015 சனவரியில் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவர் கையிலே மீண்டும் எழுதுகோலைத் தந்தது. அவர் எழுதிய கீர்த்தனைகளைக் கிருஷ்ணா மேடையேற்றினார். பெரியாரைப் பற்றிய பாடலையும் பாடினார். இராகம் இடிந்துவிட்டதா? தாளம் தவறிவிட்டதா? இல்லை! பழைய பண்ணுக்குப் புதிய பொருள் கிடைத்தது. படைப்பு என்பது அதுதான்.

சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்திலே, 2015 முதல், மீனவர் தெருவில் நடந்த விழாவில் கருநாடக இசையும் பறையும் ஒரே மேடை ஏறின. பறைக்குப் போட்ட பிச்சையா அது? இல்லை, பறையிடம் பாடம் கேட்கும் பணிவு!

2024-இல் மியூசிக் அகாதமி அவரைச் சங்கீத கலாநிதி விருதுக்குத் தேர்ந்தபோது எழுந்த கூச்சல் கொஞ்சமா? பெரியாரைப் புகழ்ந்தார் என்பதையும் குற்றமாக்கி, சில கலைஞர்கள் மாநாட்டிலிருந்தே விலகினர். விலகட்டும், அது அவர் உரிமை. ஆனால் பாட்டிலே பழுது காணாமல், கருத்துக்காகப் பாடகனைத் தள்ளுவது இசைத் தீர்ப்பாகுமா?

இவ்வளவும் சொல்லிச் சென்னையின் மீதே பழியைப் போட்டுவிட்டு நாம் திண்ணையிலே சாய்ந்துகொள்ளலாமா? நம் ஊர்த் திருவிழாக்களைப் பார்ப்போம். தப்பின் ஓசை கேட்டால் நம் கால் தானே ஆடுகிறது. பந்தி விரிக்கும்போது அந்தத் தப்படித்தவன் எங்கே அமர்கிறான்? நம்மோடா, ஒதுக்குப்புறத்திலா? பகுத்தறிவு நாடகம் படைத்த ப. கண்ணனைத் தந்த ஊர் ஜலகண்டாபுரம். அந்த ஊருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல, விடைதான் பாக்கி.

அடுத்த விழாவிலே அதைத் தருவோம். தப்பை அழைக்கும் வாயால் தப்படிப்பவனையும் அழைப்போம். முதல் பந்தியிலே, நம் பக்கத்து இலையிலே அமர்த்துவோம். அன்று அடிக்கும் தப்புக்குத் தனி நாதம் இருக்கும்!