பீமக் குழந்தை என்னும் கட்டுக்கதை

உடலில் ஒரே ஒரு மரபணு வேலை செய்யாமல் போனால் மனிதன் பீமனாகிவிடுவான். அந்த மரபணுவை மருந்தாலோ ஊசியாலோ அடக்கிவிட்டால் யார் வேண்டுமானாலும் அந்தப் பலத்தைப் பெறலாம் என்றொரு நம்பிக்கை இருபது ஆண்டுகளாக உலகெங்கும் உலவுகிறது. அதற்குச் சாட்சியாக நிறுத்தப்படுவது ஒரு ஜெர்மன் குழந்தை. 2004 ஜூனில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அக்குழந்தையைப் பற்றிய மருத்துவ அறிக்கை வெளிவந்ததும் ‘சூப்பர்பேபி’ என்று பத்திரிகைகள் பெயர் சூட்டிவிட்டன. அறிக்கை சொன்னது ஒன்று, ஊர் எடுத்துக்கொண்டது வேறொன்று.

அறிக்கையை எழுதியவர்கள் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த மார்க்குஸ் ஷுல்கே குழுவினர். குழந்தையை அவர்கள் பார்க்க நேர்ந்ததே பலத்துக்காக அல்ல. பிறந்த சில மணி நேரத்தில், தொட்டாலே உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்போ என்ற ஐயத்தில் சிசுப் பிரிவில் சேர்த்தார்கள். அந்த இழுப்பு இரண்டு மாதத்தில் தானாக அடங்கியது. ஆனால் பச்சைக் குழந்தையின் தொடையிலும் மேற்கையிலும் தசைகள் வரிவரியாகப் புடைத்திருந்தன. ஆறாம் நாள் எடுத்த அல்ட்ராசவுண்டில் தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு, அதே வயது ஆண் குழந்தைகளின் சராசரியைவிட 7.2 திட்ட விலக்கம் அதிகம். தோலுக்கடியிலுள்ள கொழுப்போ வழக்கத்தைவிடக் குறைவு. டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களின் மிகுதியால் இப்படி ஆகியிருக்குமோ என்று சோதித்ததில் அதுவும் இல்லை. நாலரை வயதில் அவன் கைக்கு 3 கிலோ வீதம் இரண்டு டம்பெல்களைக் கையை நீட்டிக் கிடைமட்டமாகப் பிடித்து நின்றான். பலத்துக்கு அறிக்கை தரும் அளவு இது ஒன்றுதான். மற்றவையெல்லாம் தசையின் பருமனைப் பற்றியவை. நாலரை வயதுப் பையனுக்கு அது வியப்புக்குரிய பலம் என்பதில் ஐயமில்லை; ஆனால் சுவரைப் பெயர்க்கும் பலம் என்று பின்னாளில் ஊதப்பட்டதற்கு அதில் ஒரு வரிகூட ஆதாரம் கிடையாது.

காரணம் மயோஸ்டாட்டின் என்ற புரதம். தசை இவ்வளவு வளர்ந்தது போதும் என்று தசையே சுரந்து தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கடிவாளம் அது. 1997இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செ-ஜின் லீயும் அலெக்ஸாண்ட்ரா மெக்ஃபெரனும் இந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் தசைகள் சாதாரண எலிகளினுடையதைப் போல இரண்டு மூன்று மடங்கு எடையுடன் வளர்ந்தன. மனிதரில் இந்த மரபணு 2ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பெர்லின் குழந்தைக்கு அதன் இரண்டு பிரதிகளிலும் ஒரே எழுத்துப் பிழை. மரபணுச் செய்தியை வெட்டி ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறியதால் செய்தி குளறுபடியாகி, இரத்தத்தில் மயோஸ்டாட்டினே தட்டுப்படவில்லை.

தாய் முன்னாள் தொழில்முறை விளையாட்டு வீராங்கனை. இந்த ஒரு தகவல் எத்தனையோ கற்பனைகளுக்கு விதை போட்டது. தாய் உழைத்து வளர்த்த உடம்பு பிள்ளைக்கு இறங்கிவிட்டது என்று எழுதியவர்களும் உண்டு. பயிற்சியால் வந்த தசை கருவழியாகக் கடத்தப்படுவதில்லை. கொல்லன் மகன் பட்டறையில் நின்றால்தான் அவன் கை இறுகும். தாய்க்கு அந்த மரபணுவின் ஒரு பிரதி பழுது. பிழை பிறவியிலேயே வந்தது, பயிற்சியில் வந்ததல்ல. அந்த ஒரு பழுது அவர் விளையாட்டுக்குக் கைகொடுத்திருக்கலாம் என்று வேண்டுமானால் சொல்லலாம். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவைத்ததுதான் இங்கே நடந்த தவறு. இன்னொரு பழுதுப் பிரதி தந்தை வழியே வந்திருக்க வேண்டும். தாய்வழி உறவில் ஒருவர் கட்டடத் தொழிலாளி. நடைபாதை ஓரக் கற்களை வெறுங்கையால் இறக்கி வைப்பவர் என்று அறிக்கை குறிப்பிடுகிறது. குடும்பத்தில் பலசாலிகள் இருந்தார்கள் என்பது உண்மை. அவர்கள் யாரும் புராண வீரர்களாக இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உலைக்குப் பொருந்தும், மரபியலுக்குப் பொருந்தாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த இன்னொரு தசைப்பற்றுள்ள சிறுவனை ஊடகங்கள் இதே கதையில் சேர்த்தன. அவனுக்கு ஜெர்மன் சிறுவனிடம் கண்ட மாற்றம் இல்லை என்பது சோதனையில் தெரிந்த பிறகும் இரண்டு பேரும் ஒரே வரியில்தான் எழுதப்படுகிறார்கள். ஒரு குழந்தையை வைத்து ஓர் இனத்தையே கற்பனை செய்துகொள்கிறது இந்த நம்பிக்கை.

அதன் ஆணிவேர் வேறு: தசை பெருத்தால் பலம் பெருகும் என்ற கணக்கு. மயோஸ்டாட்டின் இல்லாத விலங்குகளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் பொருத்தம் கெட்டுப்போகிறது. எலிகளில் தசை இருமடங்கானாலும் பலம் இருமடங்காவதில்லை. எடைக்கு எடை பார்த்தால் அந்தத் தசை சாதாரணத் தசையைவிடக் குறைந்த விசையையே தருகிறது என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அதில் வேகமாகச் சுருங்கி வேகமாகக் களைக்கும் இழைகள் மிகுதி. களைக்காமல் உழைக்க வேண்டிய ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் குறைவு. அடுத்த ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு தசைநாண்களைக் கவனித்தது. தசையை எலும்போடு கட்டும் இந்தக் கயிறு அவ்வெலிகளில் சிறுத்தும், செல்கள் குறைந்தும், விறைத்து எளிதில் நொறுங்குவதாகவும் இருந்தது. இழுப்பவன் பெருத்து, கயிறு இளைத்துப்போன நிலை. பெரிய தசையைப் படம் பிடித்துப் போடும் எந்தப் பத்திரிகையும் தசைநாணைப் படம் பிடிப்பதில்லை.

மாடுகளில் இது புதிய செய்தியே அல்ல. பின்பக்கம் இரட்டைத் தசையோடு பிறக்கும் மாடுகளைப் பற்றி 1807லேயே இங்கிலாந்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் குணத்தை வேண்டுமென்றே பெருக்கி உருவாக்கியதுதான் பெல்ஜியன் புளூ இனம். மயோஸ்டாட்டின் மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டது காரணம் என்று 1997இல் தெரியவந்தது. இறைச்சிக்கு அது பொன் விளையும் மாடு. ஆனால் கன்று தாயின் இடுப்பெலும்பு வழியே வெளிவர முடியாத அளவுக்குப் பெருத்துவிடுவதால் பெரும்பாலான பிரசவங்கள் கால்நடை மருத்துவரின் கத்தியால்தான் நடக்கின்றன. இந்த மாட்டை யாரும் ஏர் பூட்டவோ வண்டி இழுக்கவோ வளர்க்கவில்லை. பலத்தின் அடையாளமென்று காட்டப்படும் விலங்கு, பலத்தைக் கேட்கும் எந்த வேலைக்கும் அழைக்கப்படாதது கவனிக்கத்தக்கது.

ஓட்டப் பந்தயங்களுக்கு வளர்க்கப்படும் விப்பெட் நாய்களில் கதை இன்னும் தெளிவு. ஒரு பிரதி மட்டும் பழுதான நாய்கள் மிக வேகமானவை என்று 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். இரண்டு பிரதியும் பழுதானவை ‘புல்லி’ என்று பெயர் வாங்கிய, தோளும் தொடையும் பிதுங்கிய நாய்கள். பந்தயத்தில் முந்துபவை அவையல்ல. ஆக, பழுது கூடக்கூட ஆற்றலும் கூடும் என்ற எளிய ஏறுமுகம் இயற்கையில் இல்லை. பந்தயக் குதிரைகளிலும் இதே மரபணுவின் ஒரு வடிவம் குறுந்தூர ஓட்டத்துக்கும் மற்றொரு வடிவம் நெடுந்தூர ஓட்டத்துக்கும் உதவுகிறது என்று 2010இல் அயர்லாந்தின் எம்மலின் ஹில் குழு நிறுவியது. எந்த வடிவம் மேல் என்ற கேள்விக்கு, தூரத்தைச் சொல்லாமல் விடையே கிடையாது. தசை சும்மா இருந்தாலும் சோறு கேட்கும் உறுப்பு. பஞ்சம் வந்து போகும் உலகில் அதற்கு ஒரு கடிவாளம் பரிணாமத்தில் நிலைத்ததில் வியப்பில்லை.

‘மருந்தால் அடக்கலாம்’ என்ற இரண்டாம் பாதி நம்பிக்கையும் சோதனைக்கு உள்ளானதுதான். தசைச் சிதைவு நோயாளிகளுக்கு இது விடிவு தரும் என்று மருந்து நிறுவனங்கள் உண்மையிலேயே நம்பின. மயோஸ்டாட்டினைப் பிடித்துக் கட்டும் முதல் எதிர்ப்பொருளான எம்.ஒய்.ஓ-029இன் மனிதச் சோதனை முடிவுகள் 2008இல் வந்தன. மருந்து பாதுகாப்பானது, பலம் கூடவில்லை. ஏ.சி.இ-031 என்ற மருந்து வாங்கிய சிறுவர்களுக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தம் கசிந்து, தோலில் நுண்குழாய்கள் விரிந்தன. 2011இல் சோதனையை நிறுத்தினார்கள். ஃபைசரின் டொமாக்ரோசுமாப் 2018இல் கைவிடப்பட்டது. இந்தத் தோல்விகளுக்கான காரணத்தின் ஒரு பகுதி 2017இல் வெளியான ஆய்வில் தெரிந்தது: டுஷேன் என்ற தசைச் சிதைவு நோய் உள்ளவர்களின் உடலில் மயோஸ்டாட்டின் ஏற்கெனவே தாழ்ந்தே கிடக்கிறது. இல்லாத கடிவாளத்தை எப்படித் தளர்த்துவது? இதோடு இன்னொரு வேறுபாடும் உண்டு. மயோஸ்டாட்டின் இல்லாமலே கருவில் உருவாகும் எலிக்குத் தசை இழைகளின் எண்ணிக்கையே கூடுகிறது. வளர்ந்த எலியில் அதைத் தடுத்தால் இருக்கும் இழைகள் சற்றுப் பருப்பதோடு சரி. பெர்லின் குழந்தைக்குக் கருவறையில் நடந்ததை முப்பது வயதில் ஊசி போட்டு வாங்க முடியாது.

இந்தத் துறையில் வெற்றியே இல்லை என்பதல்ல. முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய் – தமிழ்நாட்டில் 2021இல் ‘16 கோடி ரூபாய் ஊசி’ என்று வீட்டுக்கு வீடு பேசப்பட்டதே, அந்த நோய் – உள்ள குழந்தைகளுக்கு, நோயின் மூலத்தைக் குறிவைக்கும் மருந்தோடு சேர்த்து அபிடெக்ரோமாப் என்ற மயோஸ்டாட்டின் தடுப்பானைக் கொடுத்த பெரிய சோதனையில் இயக்கத்திறன் மேம்பட்டதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. அங்கே கிடைத்த பலன், எழுந்து உட்காரத் தடுமாறும் பிள்ளைக்குச் சற்றுக் கூடுதலான அசைவு. அது பெரிய பலன்தான். ஆனால் ஜிம் கண்ணாடி முன் நிற்பவர் கேட்பது அதுவல்ல.

அவரைக் குறிவைத்துத்தான் சந்தை இயங்குகிறது. பெர்லின் அறிக்கை வெளிவருவதற்கு முன்பே, சிஸ்டோசைரா கனாரியென்சிஸ் என்ற கடற்பாசிப் பொடியை ‘மயோஸ்டாட்டினைக் கட்டும்’ என்று சொல்லி அமெரிக்காவில் விற்றார்கள். அதை 12 வாரம் கொடுத்து எடைப் பயிற்சியும் செய்யவைத்த ஆய்வு 2004இல் வெளியானது. பொடி சாப்பிட்டவருக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவருக்கும் பலத்திலும் தசையிலும் வேறுபாடே இல்லை. பொடி விற்பது நிற்கவில்லை, பெயர்தான் மாறியது. கருவுற்ற முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுத்த புரதம் என்று அடுத்த சரக்கு வந்தது. 2017இல் ஜோசையா ஸெய்னர் என்ற அமெரிக்கர், மயோஸ்டாட்டின் மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் மருந்து என்று சொல்லி, சான் பிரான்சிஸ்கோ மாநாடு ஒன்றில் பலர் பார்க்கத் தன் கையில் ஊசி குத்திக்கொண்டார். பிறகு அப்படிச் செய்ததற்கு அவரே வருந்தினார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2008 முதல் மயோஸ்டாட்டினைக் குறிவைக்கும் பொருள்களைத் தடை செய்திருப்பதை நம்பிக்கையாளர்கள் தங்கள் கட்சிக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. அந்த முகமையின் விதிப்படி, ஆற்றலைக் கூட்டும் வாய்ப்பும் உடலுக்கு ஊறு வரும் வாய்ப்பும் இருந்தாலே ஒரு பொருளைத் தடை செய்யலாம். பலன் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை.

பணம் போவதைவிடப் பெரிய கேடு வேறிடத்தில் நிகழ்கிறது. தசை புடைத்த குழந்தையைக் கண்டால் பயில்வான் என்று கொஞ்சுவது வழக்கம். மயோஸ்டாட்டின் இன்மை உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கது. தசை பெருத்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது நோயின் அடையாளம். டுஷேன் தசைச் சிதைவில் இரண்டு, மூன்று வயதிலேயே கெண்டைக்கால் உருண்டு திரண்டு நிற்கும். உள்ளே இருப்பது செத்த தசையின் இடத்தைப் பிடித்த கொழுப்பும் நாரும். ஏறத்தாழ 5,000 ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கு வரும் நோய் இது. டென்மார்க்கை ஒட்டிய பகுதியைச் சேர்ந்த மருத்துவர் யூலியுஸ் தாம்சன் 1876இல் தன் குடும்பத்திலும் தன்னிடத்திலும் கண்டு எழுதிய மயோட்டோனியாவில் உடம்பு மல்யுத்த வீரனைப் போல இருக்கும். ஆனால் இறுக்கிய பிடியைச் சட்டென்று விட முடியாது, உட்கார்ந்தவர் எழுந்ததும் கால் கட்டிப்போட்டாற்போல் நிற்கும். தைராய்டு சுரப்பு குறைந்த சில குழந்தைகளுக்கும் தசை பெருத்து, அசைவு மந்தப்படும். அதற்கு விலை குறைந்த தைராய்டு மாத்திரையே போதும், உரிய காலத்தில் கண்டுபிடித்தால்.

டுஷேனை அடையாளம் காண உதவும் ஒரு குறியை 1879இல் வில்லியம் கவர்ஸ் விவரித்தார். தரையில் உட்கார்ந்த பையனை எழச் சொன்னால் நேராக எழ மாட்டான். முதலில் குப்புறத் திரும்பி, கையையும் காலையும் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்குவான். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்து, அடுத்த கையைத் தொடையில் வைத்து, தன் உடம்பிலேயே ஏணி ஏறுவதுபோல் ஏறி நிமிர்வான். மாடிப்படி ஏறத் திணறுவதும், முன்னங்காலில் நடப்பதும், அடிக்கடி விழுவதும் கூட வரும். அந்தப் பையனுக்குத் தேவைப்படுவது கிரியாட்டின் கைனேஸ் என்ற இரத்தப் பரிசோதனை. டுஷேனில் அதன் அளவு வழக்கமான எல்லையைப் போலப் பல மடங்கு எகிறியிருக்கும். அதன் பின், டுஷேனில் பழுதாகும் டிஸ்ட்ரோபின் மரபணுவுக்கான சோதனை. தைராய்டு அளவும், மயோட்டோனியா என்ற ஐயம் எழுந்தால் தசை மின் அலைப் பதிவும் இவற்றோடு பார்க்கப்படுகின்றன. இவை எல்லாம் சரியாக இருந்து, பலமும் உண்மையிலேயே கூடியிருந்தால்தான் மயோஸ்டாட்டின் பக்கம் மருத்துவர் திரும்புகிறார்.