தோற்றவருக்கும் கோடி, வருபவருக்கும் கோடி

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்துக் கோச் பிரையன் கெல்லியை லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் (எல்.எஸ்.யு.) நீக்கியதைச் சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் துணிச்சலான முடிவு என்று பாராட்டியிருந்தீர்கள். லூசியானாவில் வரி கட்டுகிறவன் சொல்கிறேன்: இங்கே யாரும் எதற்கும் பொறுப்பேற்கவில்லை.

2025 அக்டோபர் 25 அன்று சொந்த மைதானத்திலேயே டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 49-25 என்று உதை வாங்கினார்கள். மறுநாளே கோச் வெளியே. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டிய பாக்கி ஐந்து கோடி டாலருக்கு மேல்! தோற்றதற்கு இவ்வளவு கூலி கிடைக்கும் வேலை வேறெங்காவது இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே விண்ணப்பம் போடுகிறேன்.

முன்னனுபவம் இல்லாமலா? 2023-இல் இதே டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்ப ஏழரைக் கோடி டாலருக்கும் மேல் தர வேண்டி வந்தது. 2017-இல் பத்தாண்டு வேலைக்கு அவருக்குப் பேசிய மொத்தத் தொகையே ஏழரைக் கோடிதான். அந்த முதல் ஒப்பந்தத்தைப் போட்ட விளையாட்டு இயக்குநர் ஸ்காட் உட்வர்ட், பிறகு எங்கள் ஊருக்கு வந்து கெல்லிக்குப் பத்தாண்டுக்கு ஒன்பதரைக் கோடி எழுதிக் கொடுத்தார்.

இத்தகைய ஒப்பந்தங்களைக் கண்டு ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி பொங்கினார். உட்வர்டும் போனார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்று நம்பினேன். நவம்பர் முடிவதற்குள் புதிய கோச்சாக லேன் கிஃபின் வந்துவிட்டார்: ஏழு ஆண்டு, ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி டாலர். தோல்விக்காக இடையில் நீக்கினால் மீதித் தொகையில் பெரும்பகுதி அவருக்குத்தான். ஆளுநரின் கோபம் எந்தப் பத்தியில் இறங்கியிருக்கிறது என்று ஒப்பந்தத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நன்கொடையாளர் பணம்தானே என்பார்கள். அந்த வள்ளல்கள் கண்ணில் நூலகம் மட்டும் படாதோ? 2019-இல் கால்பந்துக் கட்டடத்தை 2.8 கோடி டாலரில் பளபளப்பாக்கியபோது, அதே வளாகத்து நூலகத்தின் நிலவறையில் நீர் ஒழுகுவதைப் பேராசிரியர்கள் ஊரறியச் சொன்னார்களே!

கோச் தோற்றால் கோச் போகிறார், பையை நிரப்பிக்கொண்டு. கையெழுத்துப் போட அனுமதித்த மேற்பார்வைக் குழுவினர் மட்டும் அசையாமல் இருக்கிறார்கள். அடுத்த முறை எழுதும்போது அவர்கள் பெயர்களையும் அச்சிடுங்கள்.

பேட்டன் ரூஜிலிருந்து,
ஒரு வாசகர்