பிடித்த பணம் எங்கே போனது?

விடிகாலையில் பொத்தேரி ரயில் நிலையத்தில் இறங்கும் பெண்களில் பலர் நம் காலனிகளிலிருந்து வருகிறவர்கள். விடுதி, அடுக்குமாடி, தொழிற்சாலை என எங்கும் துடைப்பம் அவர்கள் கையில்தான். வேலையின் பெயர் மட்டும் 'ஹவுஸ்கீப்பிங்' என்று மாறியிருக்கிறது.

சம்பளம் ஏன் குறைந்தது என்று ஓர் அக்காவைக் கேட்டோம். "கவர்மெண்டு வரி புடிச்சிருக்காம்பா" என்றார். சம்பளச் சீட்டு கிடையாது. சூப்பர்வைசர் வாயால் சொன்னதுதான் கணக்கு.

அது வரியே இல்லை. அந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது. தொழில் வரி உண்டு; அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினால் உள்ளாட்சிக்குப் போகும். அதுவும் அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250தான். மாதாமாதம் பெரிதாகப் பிடிபடுவது பி.எஃப்., கூடவே கொஞ்சம் இ.எஸ்.ஐ. இரண்டும் நம் பணம்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், 1,200. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 75. நம்மிடம் பிடிக்க வேண்டியது 1,275 மட்டுமே. முதலாளி தன் கையிலிருந்து இன்னொரு 1,200-ம், இ.எஸ்.ஐ.க்கு 325-ம் கட்ட வேண்டும். ஒப்பந்ததாரர்கள் சிலர் அதையும் நம் தலையிலேயே போட்டு 2,800 பிடிக்கிறார்கள். இது சட்டவிரோதம். பிடித்துவிட்டுக் கட்டாமலே விடுகிறவர்களும் உண்டு.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான அதார்க்கர் அறிக்கை அப்போதுதான், 1944-இல் வந்தது. 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டமானது. இன்று அதில் குடும்பத்துக்கு மருத்துவமும், பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளமும் உண்டு. பணம் கட்டப்படாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் அது நமக்குத் தெரியவரும்.

படிக்கிற பிள்ளைகள் இன்றிரவே அம்மாவிடம் 12 இலக்க யு.ஏ.என். எண்ணைக் கேளுங்கள். உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, மாதாமாதம் வரவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே தரவில்லை என்றால் அப்போதே சந்தேகப்படலாம்.

ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால், அவரிடம் ஆள் எடுத்த நிறுவனம்தான் கட்டியாக வேண்டும். "காண்ட்ராக்டரைக் கேள்" என்று அது கைகழுவ முடியாது. தாம்பரம் பி.எஃப். அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுக்கலாம். தனியாகப் போனால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதே. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தே போவோம்.